உள்ளே கம்பி, வெளியே கேள்வி

மறைமலை நகரிலிருந்து சிங்கபெருமாள் கோவில், ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் எந்த டீக்கடையில் நின்றாலும் சரி, “கால்ல ராடு வச்சிருக்கு” என்று ஒருவர் சொன்னால் எதிரில் நிற்பவர் விளக்கம் கேட்கமாட்டார். எந்த இடத்தில் விழுந்தீர்கள் என்றுதான் கேட்பார். கம்பெனி பஸ், கன்டெய்னர் லாரி, புதுக் கார்களை இரண்டு தட்டாக அடுக்கிக்கொண்டு போகும் டிரெய்லர், இவற்றுக்கு நடுவே ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதென்று பறக்கும் பைக் என்று ஓடுகிற ஜி.எஸ்.டி சாலையையும் ஒரகடம் சாலையையும் தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வி இயல்பானது.

விழுந்தவர்களில் பலர் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறார்கள். 2021 டிசம்பர் 18 அன்று இதே மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கான சிகிச்சைச் செலவை, தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை, அரசே ஏற்றது. அடிபட்டவர் எந்த ஊர், எந்த மாநிலம், காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்ற கேள்விகள் அதில் கிடையாது. பீகாரிலிருந்து வந்து ஒரகடத்தில் வேலை செய்பவருக்கும் அது பொருந்தும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. ஆக, உடைந்த எலும்புக்குள் உலோகம் வைப்பதில் தமிழ்நாடு கெட்டிக்கார மாநிலம் என்று தயங்காமல் சொல்லலாம். அந்த உலோகத்தோடு ஒருவர் வாசல்களைத் தாண்டும்போது நடப்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

இந்த ‘ராடு’ உருவான கதையே ஒரு சோதனைக் கதை. தொடை எலும்பின் நடுக்குழலில் நீளமாகச் செருகும் ஆணியை 1939-இல் ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் என்ற அறுவை மருத்துவர் முதன்முதலில் பயன்படுத்தினார். அப்போது போர் மூண்டிருந்தது. ஜெர்மனியில் சிறைப்பட்டிருந்த நேச நாட்டு வீரர்கள் விடுதலையாகி ஊர் திரும்பியதும் சிலரை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர்கள் திகைத்துப்போனார்கள். தொடைக்குள் ஒரு முழு நீளக் கம்பி, அதுவும் எதிரி நாட்டு டாக்டர் வைத்தது! அப்போது திகைத்தது மருத்துவ உலகம். இப்போது ஒவ்வொரு வாசலிலும் செக்யூரிட்டி திகைக்கிறார், அவ்வளவுதான்.

இந்தப் பகுதியில் வாசல்களுக்குக் குறைவில்லை. செல்போன், எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் உள்ளே போவதைவிட வெளியே வரும்போதுதான் சோதனை கெடுபிடி. சின்னஞ்சிறு விலை உயர்ந்த பாகம் ஏதும் சட்டைப் பையில் போய்விடக் கூடாதே என்ற கவலை. அதைத் தாண்டினால் மால், மெட்ரோ ஸ்டேஷன், திருப்பதி போனால் அலிபிரி, வழக்கு விஷயமாகப் போனால் உயர் நீதிமன்றம். மறைமலை நகரில் மின்சார ரயில் ஏறி திரிசூலத்தில் இறங்கினால் எதிரே விமான நிலையம். முதல்முறை வெளிநாட்டுப் பயிற்சிக்குக் கம்பெனி அனுப்பும் இளைஞரும், அமெரிக்காவில் பேரனைப் பார்க்கப் போகும் மூட்டு மாற்று செய்துகொண்ட பாட்டியும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

இந்திய விமான நிலையத்தில் உலோகத்தைக் கண்டறியும் வாசல் சட்டத்தைத் தாண்டியதோடு வேலை முடிவதில்லை. சத்தம் வந்தாலும் வராவிட்டாலும் சிறு மேடை மேல் ஏறி, கைகளை விரித்து நிற்க வேண்டும். மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைக்காரர் கைக்கருவியை உடம்பெங்கும் ஓட்டுவார். அது முழங்காலில் கத்தும். வேட்டி, பேன்ட் என்றால் தூக்கித் தழும்பைக் காட்டிவிடலாம். புடவை, சுடிதார் என்றால்? பெண்களுக்குத் திரை போட்ட தடுப்பு உண்டு, சோதிப்பவரும் பெண்தான். ஆனால் பின்னால் வரிசை நீண்டிருக்க, விமானத்துக்கு நேரமாக, மொழி தெரியாத ஒருவரிடம் உள்ளே இருப்பது என்னவென்று விளக்குவது திரையால் தீர்கிற விஷயம் அல்ல.

இதை நாடு முழுக்கக் கேட்கும்படி சொன்னவர் சுதா சந்திரன். 1981-இல் திருச்சிராப்பள்ளிப் பக்கம் நடந்த பேருந்து விபத்தில் காலில் அடிபட்டபோது அவர் பதின்வயதுப் பெண், பரதநாட்டியம் கற்றவர். புண் சீழ்பிடித்து அழுகியதால் வலது காலை எடுக்க வேண்டிவந்தது. பிறகு ஜெய்ப்பூரில் டாக்டர் பி.கே.சேத்தியிடம் ‘ஜெய்ப்பூர் கால்’ பெற்று மறுபடி சலங்கை கட்டினார். அந்த வாழ்க்கையைத் தெலுங்கில் சிங்கீதம் சீனிவாச ராவ் ‘மயூரி’ என்று படமாக்க, தன் கதையில் தானே நடித்தார். தேசிய விருதுக் குழுவின் சிறப்புப் பரிசும் வந்தது. இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை.

2021 அக்டோபரில் அவர் ஒரு வீடியோ வெளியிட்டார். பிரதமரை நோக்கிய வேண்டுகோள் அது. தொழில்முறைப் பயணமாகப் போகும் ஒவ்வொரு முறையும் விமான நிலையத்தில் செயற்கைக் காலைக் கழற்றிக் காட்டச் சொல்கிறார்கள், வெடிமருந்துத் தடயம் பார்க்கும் கருவியால் சோதியுங்கள் என்று கேட்டாலும் விடுவதில்லை, மூத்த குடிமக்களுக்கு இருப்பதுபோல எங்களுக்கும் ஓர் அட்டை கொடுங்கள் என்பது சாரம். மறுநாளே பாதுகாப்புப் படை வருத்தம் தெரிவித்தது. மிக விதிவிலக்கான சூழலில் மட்டுமே செயற்கை உறுப்பைக் கழற்றச் சொல்ல வேண்டும் என்றுதான் விதி இருக்கிறது என்றும் சொன்னது. என்னைப் பொறுத்தவரை இந்த விவகாரத்தில் கவனிக்க வேண்டிய இடம் அந்த இரண்டாவது வாக்கியம். விதி ஏற்கெனவே நல்லதாகத்தான் இருந்திருக்கிறது. பல வருடமாக நாடறிந்த நடனக் கலைஞருக்கே அது எட்டவில்லை. வல்லக்கோட்டையில் வாடகை வீட்டில் இருக்கும் ஃபிட்டருக்கு எப்படி எட்டும்?

சோதனையே வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. அதுவும் இந்த ஊர்ப் பக்கத்தில். 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில் பெட்டிக்குள் இருந்த குண்டு வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்றது உடம்பில் கட்டிக்கொண்டு வந்த குண்டு. அதற்குள் இருந்தவை சிறு சிறு இரும்பு உருண்டைகள். 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்குப் புறப்பட்ட விமானம் கந்தகாருக்குக் கடத்தப்பட்ட பிறகுதான் விமான நிலையக் காவல் மாநிலப் போலீசிடமிருந்து மத்தியப் படைக்கு மாறத் தொடங்கியது, 2000 பிப்ரவரியில் முதலில் ஜெய்ப்பூரில். உடம்பில் ஒளித்த உலோகத்தைத் தேடுவதற்கு நம்மிடம் காரணம் இருக்கிறது. ஒளித்து வைத்த உலோகத்தையும் உயிரோடு ஒட்டிப்போன உலோகத்தையும் கருவியால் பிரிக்க முடியாது என்பதுதான் சிக்கல். பிரிப்பது மனிதன் செய்ய வேண்டிய வேலை.

இந்தக் கருவியின் பிறப்பே மனித உடம்புக்குள் உலோகம் தேடியதில்தான். 1881 ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டார். குண்டு எங்கே இருக்கிறதென்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படாத காலம். தொலைபேசி தந்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல், கம்பிச் சுருள்களை வைத்து ஒரு கருவி செய்து கொண்டுபோய் ஜனாதிபதியின் உடம்பின் மேல் நகர்த்திப் பார்த்தார். குழப்பமான சத்தம்தான் வந்தது. படுக்கையில் இருந்த எஃகு ஸ்பிரிங்குகள் ஆட்டத்தைக் கெடுத்தன என்பது பிறகு சொல்லப்பட்ட விளக்கம். கார்ஃபீல்டு செப்டம்பரில் இறந்துபோனார். தத்துவம் மட்டும் நின்றது. இன்றைய வாசல் சட்டத்தின் இரு பக்கமும் அதே கம்பிச் சுருள்கள்தான். அவை நொடிக்குப் பலமுறை காந்தப் புலத்தைத் துடிப்புகளாக அனுப்புகின்றன. நடுவே உலோகம் வந்தால் அதில் சுழல் மின்னோட்டம் பிறக்கும், அது எழுப்பும் எதிர்ப்புலத்தைப் பெறும் சுருள் கவனித்துவிடும்.

இதனால்தான் “டைட்டானியம் காந்தத்தில் ஒட்டாது, சத்தம் வராது” என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடைக்கும் அறிவுரை பாதிதான் சரி. ஒட்டுகிறதா என்பது இங்கே கேள்வியே இல்லை, மின்சாரம் கடத்துகிறதா என்பதுதான் கேள்வி. டைட்டானியம் சுமாராகக் கடத்தும், அதனால் குறைவாகக் கத்தும். பொருளின் அளவும் வடிவமும், எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதும், அன்றைக்கு அந்தச் சட்டத்தின் உணர்திறனை எந்த எண்ணில் வைத்திருக்கிறார்கள் என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்யும். ஒற்றைத் திருகாணி, விரலில் வைத்த மெல்லிய பிளேட், இதயக் குழாய் ஸ்டென்ட் ஆகியவை பெரும்பாலும் பேசாமல் போய்விடும். கோபால்ட்–குரோமியத்தில் செய்த முழங்கால் மூட்டும் இடுப்பு மூட்டும் சில நூறு கிராம் உலோகம், அவை பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். இரண்டு காலிலும் மாற்றியிருந்தால் கேட்கவே வேண்டாம். நேற்று ஒரு வாசலில் சத்தம் வராமல் போனதை நம்பி இன்று இன்னொரு வாசலில் சொல்லாமல் நுழைய முடியாது.

அந்த மூட்டுகள் நாட்டில் பெருகியதற்குக் காரணம் வயதும் எடையும் மட்டுமல்ல, விலையும்தான். 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் செயற்கை முழங்கால் மூட்டு விலைக்கு உச்சவரம்பு கட்டியது. ஒன்றரை லட்சம் ரூபாயைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த சாதாரண கோபால்ட்–குரோமிய மூட்டு, வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு இறங்கியது. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் சேர்ந்துகொள்ள, ஒரு காலத்தில் பணக்கார வியாதிக்காரர்களிடம் மட்டும் இருந்தது சாதாரண வீடுகளுக்கும் வந்துவிட்டது. இவர்கள் மாற்றுத்திறனாளிகள் பட்டியலில் வரமாட்டார்கள். அவர்களுக்கான தனித்துவ அடையாள அட்டையும் இவர்களிடம் இருக்காது. வாசலில் காட்ட இவர்களிடம் இருப்பது ஒரு தழும்பு மட்டும்.

தொழில்நுட்பம் பாதி வழி காட்டியிருக்கிறது. உடலை மில்லிமீட்டர் அலைகளால் துழாவும் ஸ்கேனர்களை முக்கிய விமான நிலையங்களில் பொருத்த 2019 ஏப்ரலில் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் உத்தரவிட்டது. குறித்த கெடுவுக்குள் நடக்கவில்லை என்பது வேறு கதை. இந்த அலைகள் துணியை ஊடுருவும், தோலில் பட்டுத் திரும்பிவிடும். தொடைக்குள் இருக்கும் ராடு அதற்குத் தெரியவே தெரியாது. ஆகவே ராடு, பிளேட், மூட்டு வைத்தவர்களுக்கு அது விடுதலை. ஆனால் செயற்கைக் கால் தோலுக்கு வெளியே இருக்கிறது, அது பளிச்சென்று தெரியும். சுதா சந்திரனின் பிரச்சினை அந்தக் கருவியால் தீராது. நடத்தையால்தான் தீரும்.

அந்த நடத்தையைப் பற்றி உச்ச நீதிமன்றம் பேசிவிட்டது. பெருமூளை வாதத்தோடு வாழும் ஜீஜா கோஷ் 2012-இல் கொல்கத்தாவில் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். 2016 மே மாதம் அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது நீதிமன்றம். அதே வழக்கின் தொடர்ச்சியாக 2021 டிசம்பரில், செயற்கை உறுப்பு அணிந்தவர்களை விமான நிலையச் சோதனையில் அதைக் கழற்றச் சொல்லக் கூடாது, மனித கண்ணியத்தைக் காக்க வேண்டும் என்று நீதிபதிகள் ஹேமந்த் குப்தா, வி.ராமசுப்பிரமணியன் அமர்வு கூறியது. சம்மதம் இல்லாமல் மாற்றுத்திறனாளியைத் தூக்குவது மனிதத்தன்மை அற்றது என்பதும் அதில் வந்தது.

டாக்டர் கடிதம் வைத்திருந்தால் சோதனையே இருக்காது என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி ஒரு கடிதம் உலகில் எங்கும் இல்லை. அமெரிக்காவில் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை ஒரு அறிவிப்பு அட்டை தருகிறது, அதுவும் சோதனையிலிருந்து விலக்கு அளிக்காது. ஆனாலும் கடிதம் வீண் அல்ல. சத்தமாக விளக்க வேண்டியதை அது மௌனமாகச் சொல்லிவிடும். டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்த இடத்தில், எந்தப் பக்கம், என்ன உலோகம் என்ற வரி இருக்கும். அதன் நகலை பாஸ்போர்ட்டோடு வைப்பதும், எக்ஸ்ரேயைப் போனில் ஒரு படம் எடுத்து வைப்பதும் போதும். சத்தம் வந்த பிறகு சொல்வதைவிட சட்டத்துக்குள் கால் வைக்கும் முன்பே “இடது முழங்காலில் மூட்டு மாற்று” என்று சொல்லிவிடுவது மேல். முன்னதில் சமாதானம் சொல்லும் தொனி வந்துவிடுகிறது. துணியை விலக்க வேண்டும் என்றால் தனி அறை கேட்கலாம், கூட வந்தவரையும் வைத்துக்கொள்ளலாம். இது கெஞ்சிக் கேட்கும் சலுகை இல்லை.

பேஸ்மேக்கர் வைத்தவர்களின் கணக்கு வேறு. அந்தச் சின்னப் பெட்டியின் ஓடு டைட்டானியம். வாசல் சட்டத்தைச் சாதாரண நடையில் தாண்டினால் அதற்கு ஒன்றும் ஆகாது, சட்டத்தில் சாய்ந்துகொண்டோ நடுவில் நின்றுகொண்டோ இருக்கக் கூடாது. கைக்கருவியை மார்பின் மேல் நெடுநேரம் பிடிக்கக் கூடாது என்பதால் முதலிலேயே பேஸ்மேக்கர் அட்டையைக் காட்டிக் கையால் சோதிக்கச் சொல்வது நல்லது. ஆனால் ஒரகடம் வட்டாரத்தில் பேஸ்மேக்கர்காரர் பயப்பட வேண்டிய இடம் வாசல் அல்ல, வாசலைத் தாண்டி உள்ளே இருக்கும் பாடி ஷாப். கார் கூட்டைச் சேர்க்கும் ஸ்பாட் வெல்டிங் துப்பாக்கியில் பாய்வது ஆயிரக்கணக்கான ஆம்பியர். சாதாரண ஆர்க் வெல்டிங்குக்கே, கருவி செய்பவர்கள் மின்னோட்ட வரம்பும் குறைந்தது இரண்டடி தூரமும் சொல்கிறார்கள். பெரிய மோட்டார்கள், இண்டக்‌ஷன் உலைகள் எல்லாம் கேள்விக்கு உரியவை. ஆபரேஷன் முடிந்து வேலைக்குத் திரும்பும் ஒருவர் தன் இதய டாக்டரிடம் “ஏர்போர்ட்டில் போகலாமா?” என்று கேட்கிறார். “எந்த லைனில் வேலை?” என்று டாக்டர் திருப்பிக் கேட்டாக வேண்டும்.

உலோகம் பற்றி இந்த வட்டாரத்தில் இன்னொரு விவகாரம் 2024 ஜூனில் வெடித்தது. சுங்குவார்சத்திரம் அருகே ஐபோன் பொருத்தும் ஃபாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று மெட்டியும் நகையும். பாகுபாடு காட்டுவதில்லை என்று நிறுவனம் மறுத்தது, உலோகம் அணியக் கூடாது என்பது எல்லோருக்கும் பொதுவான பாதுகாப்பு விதி என்றது. மெட்டியைக் கழற்றச் சொல்வது சரியா என்று அப்போது ஊரெல்லாம் பேசினோம், பேச வேண்டியதுதான். மெட்டியாவது கழற்ற முடியும்.

விமான நிலையத்தைப் பற்றி நீதிமன்றம் சொன்னதும் விதிப்புத்தகத்தில் இருப்பதும் ஆலை வாசலுக்குத் தாமாக வந்துவிடுவதில்லை. அங்கே நிற்பவர் மத்தியப் படைக்காரர் அல்ல, ஏஜென்சி அனுப்பிய காவலாளி. பல நேரம் அவரும் ஒப்பந்தக்காரர், பன்னிரண்டு மணி நேரம் நிற்பவர். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ஆள் மாறுவதால் ஒரே ராடை ஒரே தொழிலாளி புதிதாக விளக்க வேண்டியிருக்கிறது. மணிக்கணக்கில் நின்று வேலை செய்து ஓய்ந்தவர், கம்பெனி பஸ் புறப்படும் நேரத்தில், பேன்ட் காலைச் சுருட்டிக் காட்டிக்கொண்டிருப்பார். சத்தத்துக்குப் பயந்து பிளேட்டை எடுத்துவிடலாமா என்று கேட்டு டாக்டரிடம் போகிறவர்களும் உண்டு. வலி, தொற்று போன்ற மருத்துவக் காரணம் இருந்தால் எடுப்பார்கள். வாசல் சத்தம் அப்படி ஒரு காரணம் அல்ல. மறுபடி மயக்க மருந்து, மறுபடி விடுப்பு, திருகாணி போன துளைகள் ஆறும் வரை எலும்பு பலவீனம் என்று அதற்கும் விலை உண்டு.

இதற்குச் சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. யூனியன்காரர்கள் ஸ்டாண்டிங் ஆர்டர் என்று சொல்லும் நிலையாணைகளுக்கான 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் ஆறாவது இனமாக இருந்தது இதுதான்: குறிப்பிட்ட வாயில்கள் வழியாக வர வேண்டும், சோதனைக்கு உட்பட வேண்டும். 2020-இன் தொழில் உறவுத் தொகுப்பும் அதே இனத்தைத் தன் முதல் அட்டவணையில் எடுத்துக்கொண்டது. அதாவது, எப்படிச் சோதிப்பது என்பதை ஒவ்வொரு பெரிய நிறுவனமும் எழுத்தில் வைத்தாக வேண்டும். அந்த எழுத்தில் சேர்க்க வேண்டியவை நான்கைந்து வரிகள்தான். உடலுக்குள் உலோகம் உள்ளவரை ஆலை மருத்துவ மையம் ஒருமுறை பார்த்து, அவர் விரும்பினால் அடையாள அட்டையின் பின்பக்கம் ஒரு குறி வைப்பது. குறி உள்ளவருக்குச் சத்தம் வந்தால் அந்த இடத்தில் மட்டும் கைச்சோதனை. துணி விலக்க வேண்டுமானால் தனி அறை, அதே பாலினத்தவர். செயற்கை உறுப்பைக் கழற்றச் சொல்லக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் குறியைக் காரணம் காட்டி ஆளை வேறு லைனுக்கு மாற்றவோ வேலையிலிருந்து கழிக்கவோ கூடாது என்று ஒரு வரி. அது இல்லாவிட்டால் ராடு இருப்பதை எந்த ஒப்பந்தத் தொழிலாளியும் வாயைத் திறந்து சொல்லமாட்டார்.

கடைகளில் நின்றே வேலை செய்த ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி போட வேண்டும் என்று 2021-இல் சட்டம் திருத்திய மாநிலம் இது. இதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. நிலையாணையை மாற்றச் சொல்லி, சான்றளிக்கும் அதிகாரியிடம் நிர்வாகம் மட்டுமல்ல, தொழிலாளியோ சங்கமோ விண்ணப்பிக்கலாம்.